புதிதாக வலைப்பதிவு எழுதுகிறேன்: என் நோக்கத்தையும் வாசகரையும் எப்படிக் கண்டுபிடிப்பது?

கோடும்புள்ளியும் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வலைப்பதிவு தொடங்கிச் சில மாதங்கள் ஆகின்றன. படித்த புத்தகங்கள், சைக்கிள் பயணங்கள், புதிதாக வாங்கிய கைப்பேசி, மகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவது என்று தோன்றியதை எல்லாம் எழுதி வருகிறேன். எழுதுவது எனக்குச் சிரமமே இல்லை, உட்கார்ந்தால் வந்துவிடுகிறது. ஆனால் "நோக்கம் என்ன, வாசகர் யார் என்று முதலில் முடிவு செய்" என்று எங்கே பார்த்தாலும் சொல்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் "நல்ல விஷயங்களைப் பகிர்வது" என்பதைத் தாண்டி எதுவும் வரவில்லை, வாசகர் யார் என்றால் "தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள்" என்றுதான் வருகிறது. இதை வைத்துக்கொண்டு அடுத்து எதை எழுதுவது என்று முடிவு செய்ய முடியவில்லை.

இரண்டில் எதை முதலில் பிடிக்க வேண்டும், நோக்கத்தையா வாசகரையா? இன்னொன்று, கைப்பேசிப் பதிவுக்கு மட்டும் நிறையப் பேர் வருகிறார்கள். பேசாமல் அந்தப் பக்கமே போய்விடலாமா?

*

தரவுப்பித்தன் எழுதியது:

முடிவு எடுப்பதற்கு முன் இரண்டு விவரம் கொடுங்கள். ஒன்று, எந்தப் பதிவுக்கு என்ன மாதிரிப் பின்னூட்டம் வருகிறது. எண்ணிக்கை வேண்டாம், அவர்கள் எழுதிய சொற்கள் வேண்டும். இரண்டு, கூகுள் சர்ச் கன்சோலில் உங்கள் தளத்தை இணைத்திருக்கிறீர்களா? இலவசம்தான். எந்தச் சொற்களைத் தேடியபோது உங்கள் பக்கம் கண்ணில் பட்டது, எத்தனை முறை பட்டது, அதில் எத்தனை பேர் சொடுக்கினார்கள், சராசரியாக எத்தனையாவது இடத்தில் வந்தது என்று எல்லாம் காட்டும். 16 மாதத் தரவு வரைக்கும் இருக்கும். அதில் அதிகம் தேடப்பட்டதை மேலே வைத்துப் பார்க்காதீர்கள். நீளமான தேடல்களை, முழு வாக்கியமாகத் தட்டியவற்றைப் பாருங்கள். "பின்னம்" என்று தேடுகிறவர் யார் என்று சொல்லவே முடியாது. முழுக் கேள்வியாகத் தட்டுகிறவர் தன் நிலைமையையே எழுதிவிடுகிறார்.

*

மழைக்குருவி எழுதியது:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

1997-இல் ஜார்ன் பார்கர் என்பவர் தன் பக்கத்துக்கு "வெப்லாக்" என்று பெயர் வைத்தபோது அது இணையத்தில் தான் படித்ததையெல்லாம் குறித்து வைக்கும் பதிவேடுதான். 1999-இல் பிளாகர் என்ற வலைப்பதிவுச் சேவை வந்தது, நிரல் எழுதத் தெரியாதவர்களும் எழுத ஆரம்பித்தார்கள். அப்போது எழுதியவர்களில் பெரும்பாலோர் "என் வாசகர் யார்" என்று கேட்டுவிட்டா தொடங்கினார்கள்? பிடித்ததை எழுதினார்கள், அதே பிடிப்பு உள்ளவர்கள் இணைப்பு கொடுத்துத் தேடி வந்தார்கள். வாசகரை முதலில் வைத்து எழுத ஆரம்பித்தால் ஒவ்வொரு வரியிலும் "இது அவருக்குப் பிடிக்குமா" என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொள்ளும், கடைசியில் உங்கள் குரல் போய்விடும். சைக்கிளும் கணக்கும் புத்தகமும் ஒரே ஆளிடம் இருப்பதுதான் உங்கள் பதிவின் அழகு. விடாமல் எழுதுங்கள், போதும்.

*

பழையபேனா எழுதியது:

மழைக்குருவி சொல்வதில் பாதியை முழு மனதோடு ஏற்கிறேன். தனக்காக எழுதுவது முழுமையான காரணம், அதற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இன்று எழுதியதை ஒருவர்கூடப் படிக்க மாட்டார் என்று உறுதியாகத் தெரிந்தாலும் எழுதுவீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் நீங்களே உங்கள் வாசகர், இந்த இழையை இங்கேயே மூடிவிடலாம். ஆனால் கோடும்புள்ளியும் கேட்ட விதத்தைப் பார்த்தால் அவருக்கு யாரையாவது போய்ச் சேர வேண்டும் என்று இருக்கிறது. அப்படியென்றால் அவருக்கு வேறு வேலை இருக்கிறது.

என் முடிவு இது: நோக்கத்தை உள்ளுக்குள் தேடாதீர்கள், கிடைக்காது. முதலில் ஓர் ஆளைப் பிடியுங்கள். அந்த ஆளுக்கு என்ன செய்துகொடுக்க ஆசைப்படுகிறீர்களோ அதுதான் நோக்கம். "நல்ல விஷயங்களைப் பகிர்வது" என்ற வாக்கியத்தில் எதிரே ஆளே இல்லை, அதனால்தான் அதை வைத்து உங்களால் எதையும் முடிவு செய்ய முடியவில்லை.

பங்குதாரர்களுக்கு ஆண்டுக் கடிதம் எழுதும்போது தன் சகோதரிகளிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு எழுதுவதாக அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் சொல்லியிருக்கிறார். அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் எளிய நடையில் எழுதுவது பற்றி 1998-இல் வெளியிட்ட கையேட்டின் முன்னுரையில் இது இருக்கிறது. அந்தச் சகோதரிகள் புத்திசாலிகள், ஆனால் கணக்கியலிலும் நிதியிலும் நிபுணர்கள் அல்லர். ஆயிரக்கணக்கானோர் படிக்கும் கடிதத்தை எழுத அவருக்கு மனதில் தேவைப்பட்டது அவர்கள் மட்டும்தான். என்ன தெரியும், என்ன தெரியாது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தவர்கள் என்பதால் எதை விளக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்ற முடிவு சுலபமாகிறது. மழைக்குருவி, இதனால் அவர் குரல் போய்விட்டதா? கூடித்தான் இருக்கிறது.

"30 வயது, பட்டதாரி, நகரவாசி" என்று வாசகரை வர்ணிக்கச் சொல்வார்கள், அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதே வயது, அதே படிப்புள்ள இரண்டு பேர் முற்றிலும் வேறு தேவையோடு வருவார்கள். என்ன நிலைமையில் இருக்கும்போது வருகிறார் என்பதைத்தான் பிடிக்க வேண்டும். எதை முயன்று பார்த்துவிட்டு வருகிறார், எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறார், படித்துவிட்டுப் போய் அடுத்த நிமிடம் என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்ற மூன்றும் தெரிந்தால் வயது தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

*

கோடும்புள்ளியும் எழுதியது:

நன்றி, எல்லோரும் சொன்னதைப் படித்தேன். யாரும் படிக்காவிட்டால் எழுதுவேனா என்ற கேள்விக்கு என் பதில்: புத்தகக் குறிப்புகளை எழுதுவேன், மற்றதை எழுத மாட்டேன்.

சர்ச் கன்சோலில் இருப்பது: கைப்பேசிப் பதிவுக்கு அந்த மாடலின் பெயரும் "நல்லதா", "கேமரா எப்படி" என்ற சொற்களும். வருகிறார்கள், போய்விடுகிறார்கள், பின்னூட்டம் எதுவும் இல்லை. பின்னங்கள் பற்றி ஒரே ஒரு பதிவு எழுதியிருந்தேன். அதற்கு வருகை குறைவு. ஆனால் தேடல்கள் இப்படி: "பின்னத்தை வகுத்தால் விடை ஏன் பெரிதாகிறது", "மகனுக்குப் பின்னம் புரிய வைப்பது எப்படி", "எனக்கே பின்னம் தெரியாது குழந்தைக்கு எப்படி". கடைசித் தேடலைப் பார்த்ததும் மனது என்னவோ போல ஆகிவிட்டது. பின்னூட்டங்களும் பெற்றோரிடமிருந்துதான். ஒருவர் "தசமத்துக்கும் இப்படி எழுதுவீர்களா" என்று கேட்டிருக்கிறார்.

*

தரவுப்பித்தன் எழுதியது:

உங்கள் கேள்விக்கு உங்கள் வாசகர்களே பதில் சொல்லிவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

கைப்பேசி: அந்த வாசகருக்கு வேண்டியது ஒரு மாடலைப் பற்றிய தீர்ப்பு. கிடைத்ததும் வேலை முடிந்தது, திரும்பி வர அவருக்குக் காரணம் இல்லை. அவரை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் நீங்கள் ஒவ்வொரு புது மாடலையும் வாங்கிப் பரிசோதிக்க வேண்டும். அது முழுநேரத் தொழில், அதைச் செய்யும் பெரிய குழுக்கள் இருக்கின்றன. வருகை எண்ணிக்கை ஒரு பதிவைப் பற்றிச் சொல்லும், உங்களுக்கு வாசகர் இருக்கிறார்களா என்று சொல்லாது. ஒரு பதிவைப் படித்தவர் உங்கள் தளத்தில் இரண்டாவதாக ஒன்றைத் திறக்கிறாரா, திரும்ப வருகிறாரா, "அடுத்து இதை எழுதுங்கள்" என்கிறாரா என்று பாருங்கள்.

பின்னூட்டம் குறைவு என்று சோர வேண்டாம். இணையச் சமூகங்களில் நூறு பேரில் 90 பேர் பேசாமல் படிக்கிறார்கள், 9 பேர் எப்போதாவது பேசுகிறார்கள், ஒருவர்தான் தொடர்ந்து எழுதுகிறார் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 2006-இல் எழுதினார். இது தோராயமான விதிதான். வலைப்பதிவில் பேசுகிறவர் விகிதம் இன்னும் குறைவு என்றும் அவரே சொல்கிறார். ஆகவே தசமம் பற்றிக் கேட்ட அந்த ஒருவருக்குப் பின்னால் கேட்காமல் போனவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்றும் யோசியுங்கள். 2024 மே மாதத்திலிருந்து கூகுள் தேடல் பக்கத்தின் மேலேயே செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கத்தைக் காட்டத் தொடங்கியது. "பின்னம் என்றால் என்ன" என்று வரையறை எழுதினால் அதை உங்கள் தளத்துக்கு வந்து படிக்க வேண்டிய அவசியமே இல்லை. "எனக்கே தெரியாது, குழந்தைக்கு எப்படி" என்று கேட்கிறவருக்கு வரையறை போதாது. பக்கத்தில் குழந்தையை வைத்துக்கொண்டு செய்து பார்த்த ஆள் வேண்டும். அது நீங்கள்.

*

நூலகத்தேனீ எழுதியது:

கணக்கு ஆசிரியை என்ற முறையில் ஒரு விஷயம். தலைப்பு ஒன்றாக இருந்தாலும் வாசகர் மாறினால் பதிவே வேறாகிவிடும். இதை ஒரு முறை செய்து பார்த்தால்தான் "வாசகரைத் தேர்ந்தெடு" என்று ஏன் சொல்கிறார்கள் என்பது பிடிபடும்.

அரையைக் காலால் வகுத்தால் விடை இரண்டு. வகுத்தால் குறைய வேண்டாமா, ஏன் அரையைவிடப் பெரிதாக வந்தது? இதையே எடுத்துக்கொள்வோம்.

குழந்தைக்கு எழுதினால்: ஒரு காகிதத்தைப் பாதியாக மடி, அந்தப் பாதியில் எத்தனை கால் துண்டு அடங்கும் என்று வெட்டிப் பார், இரண்டு. வகுப்பது என்றால் "எத்தனை அடங்கும்" என்று கேட்பதுதான். இதற்கு மேல் ஒரு சொல் எழுதக் கூடாது.

ஆசிரியருக்கு எழுதினால் காகிதம் மடிப்பது அவருக்குத் தெரியும். அவருக்கு வேண்டியது வேறு. முழு எண்களில் வகுத்தலைப் பங்கு போடுவதாகவே சொல்லிக்கொடுத்துவிட்டு, பின்னத்துக்கு வந்ததும் அடங்குவதாக மாற்றினால் வகுப்பு குழம்பும். ஆகவே "எட்டில் எத்தனை இரண்டு" என்று முன்பே பழக்க வேண்டும். தலைகீழாக்கிப் பெருக்கும் விதியை எந்தக் கட்டத்தில் கொண்டுவருவது, நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் யாருக்குப் புரியவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது, இவைதான் அவருடைய கேள்விகள்.

பெற்றோருக்கு எழுதுவது இரண்டையும்விடக் கடினம். அவருக்குத் "தலைகீழாக்கிப் பெருக்கு" என்ற விதி மங்கலாக நினைவிருக்கும், ஏன் என்பது தெரியாது. குழந்தை "ஏன்" என்று கேட்டால் என்ன சொல்வது என்ற பயம் அவருக்கு இருக்கும். பள்ளியில் வேறு முறையில் சொல்லிக்கொடுத்திருந்தால் நாம் குழப்பிவிடுவோமோ என்ற தயக்கமும் இருக்கும். ஆகவே அவருக்கு முதலில் அவருக்கே புரியும்படி ஒரு பத்தி, அப்புறம் குழந்தையிடம் எந்தச் சொற்களில் கேட்பது என்று ஒரு பத்தி, குழந்தை தப்பாகச் சொன்னால் அடுத்து என்ன கேட்பது என்று ஒரு பத்தி வேண்டும். இந்த மூன்று வாசகர்களுக்கும் ஒரே பதிவில் எழுதப் பார்த்தால் குழந்தைக்கு நீளமாகவும் ஆசிரியருக்கு மேலோட்டமாகவும் பெற்றோருக்குப் பாடமாகவும் போய்விடும்.

*

கோடும்புள்ளியும் எழுதியது:

நூலகத்தேனீ அக்கா, மிக்க நன்றி. பெற்றோருக்கு எழுத வேண்டும் என்பது எனக்கு இப்போது தெளிவாகத் தெரிகிறது. ஆனால் நான் ஆசிரியர் இல்லை, கணக்கில் பட்டம் எதுவும் இல்லை. கணக்குச் சொல்லித் தரும் தளங்கள் ஏற்கெனவே ஏராளமாக இருக்கின்றன. யார் நான் என்று கேட்டால்? அப்புறம், புத்தகமும் சைக்கிளும் என்ன ஆவது? அவற்றை விட்டுவிட மனமில்லை.

*

சும்மாவாசகி எழுதியது:

நான் பதிவர் இல்லை, படிக்கிறவள் மட்டும். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் அந்த வாசகர் நான்தான், அதனால் சொல்கிறேன்.

"இது ரொம்ப எளிது" என்று தொடங்கும் கணக்குப் பக்கத்தை நான் உடனே மூடிவிடுவேன். எளிது என்றால் எனக்கு ஏன் இத்தனை வருடம் புரியவில்லை? கணக்கில் பட்டம் பெற்றவர்கள் எழுதியதில் எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் என் வீட்டு மேசையில் நடப்பது இருக்காது. என் மகன் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதிவிட்டு வருவான். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியிருக்கிறான். தப்பு என்று எனக்குத் தெரியும். ஏன் தப்பு என்று சொல்லத் தெரியாமல் "டீச்சர் சொன்ன மாதிரிச் செய்" என்பேன், அவன் முகம் சுருங்கிவிடும். அந்த இடத்தில் ஒரு வாக்கியம் கொடுங்கள். "அரையைவிட இது பெரிதா சின்னதா என்று கேளுங்கள், ஐந்தில் இரண்டு அரையைவிடச் சிறியது, அரையோடு இன்னொன்றைக் கூட்டினால் அரையைவிடச் சிறியதாக வருமா?" என்று இந்த மாதிரி யாராவது எழுதியிருந்தால் நான் அந்தப் பக்கத்தைச் சேமித்து வைத்திருப்பேன். (இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது பக்கத்து வீட்டு அக்கா, இணையம் இல்லை.)

நீங்கள் யார் என்று நான் கேட்க மாட்டேன். உங்கள் மகளோடு செய்து பார்த்தீர்களா, எங்கே அவள் மாட்டிக்கொண்டாள், அதைச் சொன்னால் போதும். தெரியாததை நூலகத்தேனீ மாதிரி ஒருவரிடம் கேட்டு எழுதுங்கள், கேட்டேன் என்றும் எழுதுங்கள்.

*

பழையபேனா எழுதியது:

சும்மாவாசகி எழுதியதை அப்படியே நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இனி ஒவ்வொரு பதிவையும் வெளியிடுவதற்கு முன் அவரிடம் கொடுப்பதாக நினைத்துப் படியுங்கள். இப்படி ஓர் ஆள் தானாக வந்து பேசுவது எல்லோருக்கும் வாய்க்காது. வாய்க்காதவர்கள் தேடிப் போக வேண்டும். தாங்கள் எழுதும் விஷயத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் நாலைந்து பேரிடம் "கடைசியாக எப்போது இதில் திணறினீர்கள், அப்போது என்ன செய்தீர்கள்" என்று கேட்டால் போதும். "என் பதிவு பிடித்திருக்கிறதா" என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லோரும் ஆமாம் என்பார்கள், ஒன்றும் தெரியவராது.

தகுதி பற்றி: நீங்கள் கணிதம் கற்பிக்க வரவில்லை. வீட்டுப்பாடத்துக்குப் பக்கத்தில் உட்காரும் பெற்றோருக்குத் துணை வருகிறீர்கள். முன்னதற்குப் பட்டம் வேண்டும், பின்னதற்கு நீங்கள் இருக்கும் இடமே தகுதி. ஆனால் விடைகள் தப்பாகிவிடக் கூடாது. அதில் சமரசமே கூடாது, பெற்றோர் உங்களை நம்பிக் குழந்தையிடம் சொல்லப் போகிறார்.

"ஏராளமாக இருக்கின்றன" என்ற கவலையை விடுங்கள். அமெரிக்க எழுத்தாளர் கெவின் கெல்லி 2008-இல் ஒரு கட்டுரையில், எழுத்தாளரோ கலைஞரோ பிழைப்பதற்கு லட்சக்கணக்கானோர் தேவையில்லை, எதைச் செய்தாலும் தேடி வந்து வாங்கும் 1,000 பேர் போதும் என்று வாதிட்டார். பிழைப்புக்கே அந்த எண் என்றால் உங்களுக்கு அதைவிடக் குறைவாகவே போதும், நீங்கள் பிழைப்புக்காக எழுதவில்லை.

புத்தகமும் சைக்கிளும் உங்கள் வீட்டில் இருக்கட்டும், ஆனால் வாசலை மறிக்க வேண்டாம். முகப்பில் கணக்கு மட்டும் தெரியட்டும், மற்றவற்றுக்குத் தனி வகை. பின்னத்துக்காக வந்தவர் முதலில் சைக்கிள் சங்கிலியைப் பார்த்தால் தப்பான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று திரும்பிவிடுவார். மின்னஞ்சல் மடல் அனுப்புவதாக இருந்தால் அதிலும் கணக்கு மட்டும். வாசகர் எதற்குப் பெயர் கொடுத்தாரோ அது மட்டும்தான் அவருக்குப் போக வேண்டும்.

இதையும் இப்போதே யோசித்து வையுங்கள்: உங்கள் மகள் வளருவாள். அடுத்து இயற்கணிதம், அப்புறம் வடிவியல். அவளோடு பதிவும் மேலே போனால் இன்றைய வாசகர்கள் சிலர் கூடவே வருவார்கள், புதிதாக வரும் சின்னக் குழந்தைகளின் பெற்றோருக்கு இடம் இருக்காது. பின்னம், தசமம், விகிதம் என்று அந்தக் கட்டத்திலேயே நின்றால் ஒவ்வொரு ஆண்டும் புது வாசகர் வருவார், பழையவர் விடைபெறுவார். இரண்டும் சரியான வழிதான். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பேன், ஏனென்றால் அந்தக் கட்டத்தில்தான் நிறையப் பெற்றோர் கையை விரிக்கிறார்கள்.

*

மழைக்குருவி எழுதியது:

சும்மாவாசகி எழுதியதைப் படித்த பிறகு என் வாதத்தைக் கொஞ்சம் குறுக்கிக்கொள்கிறேன். இப்படி ஒருவரை மனதில் வைத்து எழுதினால் குரல் போகாது, ஒப்புக்கொள்கிறேன். நான் பயப்படுவது தேடுபொறியை மனதில் வைத்து எழுதுவதற்கு. கூகுளேகூட 2022 ஆகஸ்டில் தரமான பக்கம் பற்றி வெளியிட்ட கேள்விகளில், நேராக உங்கள் தளத்துக்கே வந்தாலும் இது பயன்படும் என்று நினைக்கும் வாசகர் உங்களுக்கு இருக்கிறாரா, தளத்துக்கு முதன்மையான ஒரு நோக்கம் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். தேடல் சொற்களைப் பார்த்து வாசகரைப் புரிந்துகொள்ளுங்கள், அந்தச் சொற்களையே பத்து முறை பதிவில் திணிக்காதீர்கள்.

புத்தகக் குறிப்புகளை நிறுத்திவிடாதீர்கள். யாரும் படிக்காவிட்டாலும் எழுதுவேன் என்று நீங்களே சொன்னது அது ஒன்றைத்தான்.

*

கோடும்புள்ளியும் எழுதியது:

நிறுத்த மாட்டேன். புத்தகங்களுக்குத் தனிப் பக்கம் போட்டுவிட்டேன், அதில் வருகை எண்ணிக்கையே பார்க்கப்போவதில்லை. கைப்பேசிப் பதிவு இருக்கட்டும், அடுத்தது எழுதவில்லை.

"இந்தத் தளம்" பக்கத்துக்கு எழுதியது இது, பார்த்துச் சொல்லுங்கள்:

"என் மகளுடைய கணக்கு வீட்டுப்பாடத்துக்குப் பக்கத்தில் உட்காரும் பெற்றோர் நான். ஆசிரியர் இல்லை. பின்னம், தசமம், விகிதம் ஆகியவற்றில் குழந்தை மாட்டிக்கொள்ளும் இடங்களையும், அப்போது என்ன கேட்டால் அவர்களாகவே வெளியே வருகிறார்கள் என்பதையும் இங்கே எழுதுகிறேன். பள்ளிக் கணக்கு மறந்துபோனவர்களுக்கும் புரியும்படி ஒவ்வொரு பதிவும் பெற்றோருக்கான விளக்கத்தோடு தொடங்கும்."

*

சும்மாவாசகி எழுதியது:

நன்றாக இருக்கிறது. கடைசி வாக்கியத்தை முதலில் கொண்டுவாருங்கள். மறந்துபோனவர்களுக்கும் இடம் உண்டு என்று தெரிந்தால்தான் நான் மேற்கொண்டு படிப்பேன். "பள்ளிக் கணக்கு மறந்துபோனவர்கள்" என்பதோடு "அப்போதே புரியாதவர்கள்" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் மறக்கவில்லை, எனக்கு அப்போதே புரியவில்லை.

*

நூலகத்தேனீ எழுதியது:

தசமப் பதிவு எழுதும்போது 0.5-ஐயும் 0.35-ஐயும் வைத்து எது பெரிது என்று கேட்பதிலிருந்து தொடங்குங்கள். 35 பெரிய எண் என்பதால் 0.35 தான் பெரிது என்று நிறையக் குழந்தைகள் சொல்வார்கள், பெற்றோரும் ஒரு நொடி தயங்குவார்கள். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், சரிபார்த்துத் தருகிறேன்.

*

கோடும்புள்ளியும் எழுதியது:

சும்மாவாசகி சொன்ன இரண்டு திருத்தங்களையும் செய்துவிட்டேன். நூலகத்தேனீ அக்கா, இன்று மாலையே மகளிடம் அந்தக் கேள்வியைக் கேட்கிறேன். அவள் என்ன சொல்கிறாளோ அதிலிருந்து எழுதி ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்களுக்கு அனுப்புகிறேன்.